முதுகில் ஏறிய குளிர்: கோவிலூரில் ஐந்து ராத்திரிகள்

"மாமா, கதவத் தெறங்க" என்று, வெளியே தொங்கும் துணிப் படுக்கையில் படுக்கப் போன மருமகன் தட்டியபோது மணி ஒன்றே முக்கால். டார்ச் அடித்துப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. பேச்சு குழறவில்லை, நடை தள்ளாடவில்லை, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் முதுகிலும் இடுப்புக்குக் கீழேயும் கை வைத்தால் ஆற்றுக் கல்லைத் தொட்டது போல இருந்தது. நெஞ்சுப் பக்கம் பனியனோ வியர்வையில் ஈரமாகியிருந்தது. ஒரே உடம்பில் முன்னால் வியர்வை, பின்னால் விறைப்பு. இந்த ஆய்வு முழுவதற்கும் அதுதான் முதல் துப்பு. அன்றைக்குக் கண்ணில் பட்டது. புத்தியில் பட மூன்று வாரம் ஆனது.

நான் போடிநாயக்கனூரில் மெத்தை தைப்பவன். இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். அந்தப் பஞ்சோடு முப்பது வருசம் பழகிய கை. வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர் பக்கம் வருசத்துக்கு இரண்டு நடை தலையணையும் மெத்தையும் ஏற்றிக்கொண்டு போவேன். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும்சோலைக் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் கோவிலூர். கேரளாவில் இடுக்கி மாவட்டம்தான், ஆனால் பேச்சு நம்ம பேச்சு. அங்கே ஒரு பூண்டு விவசாயி வீட்டில் தங்குவது பழக்கம். இந்த ஜனவரியில் தங்கச்சி மகனும் கூட வந்தான். வயது 21, மதுரையில் படிக்கிறான். ஹேமக் வாங்கி வைத்திருந்தான். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுப் படுக்கிற அந்தத் துணிப் படுக்கையைத்தான் சொல்கிறேன். நம்ம தூளி, பெரிய ஆள் படுக்கிற அளவுக்கு வளர்ந்தது.

காட்டுக்குள் போய்க் கட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ராத்தங்க முடியாது, தங்கவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் மாண்டு போனதை எங்கள் ஊர் மறக்கவில்லை. நாங்கள் கட்டியது விவசாயியின் சொந்தப் பட்டா நிலத்தில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். தீ மூட்டவில்லை.

என்ன கட்டியிருந்தான்

நிலம் படிப்படியாக இறங்கும். மேல் படியில் வீடு, நடுவில் பூண்டும் கேரட்டும், அடியில் ஓடை. ஓடைக்கரையில் கிராண்டிஸ் மரங்கள். ஊர்த் தண்ணீரையெல்லாம் உறிஞ்சுகிறது என்று அங்கே எல்லோரும் வைகிற யூகலிப்டஸ் வகை. இரண்டு மரத்துக்கு நடுவே நாலரை மீட்டர் இடைவெளி. மருமகனுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்றான்.

கட்டியதில் குறை இல்லை. மரப்பட்டை அறுபடாமல் இருக்க ஒன்றரை அங்குல நாடா சுற்றினான். நாடா கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருந்தது. இந்த 30 டிகிரிக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தச் சாய்வில் ஒவ்வொரு பக்க நாடாவும் இழுபடும் விசை படுப்பவரின் எடைக்குச் சமம். கயிறு தொய்யக் கூடாது என்று விறைப்பாக இழுத்து 15 டிகிரிக்குக் கொண்டு வந்தால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். மரத்துக்கும் கேடு, முடிச்சுக்கும் கேடு. தொய்வு இருந்தால்தான் குறுக்காகச் சாய்ந்து படுக்க முடியும். அப்படிப் படுத்தால் முதுகு வாழைப்பழம் போல வளையாமல் ஓரளவு நேராக வரும். மேலே மழைத்துணி. இதெல்லாம் அவன் நன்றாகவே படித்து வைத்திருந்தான்.

ஹேமக்குக்குள் ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே புகுந்து படுக்கிற பஞ்சுப் பை, அதன் மேல் வீட்டுக்காரர் கொடுத்த கம்பளி இரண்டு. பேக்கின் சீட்டில் 0 டிகிரி என்று அச்சடித்திருந்தது. என் அறை வெப்பமானி அந்த ராத்திரி அடிப்படியில் காட்டிய மிகக் குறைந்த அளவு 4 டிகிரி. சீட்டின்படி பார்த்தால் அவன் விடிய விடியத் தூங்கியிருக்க வேண்டும்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். அது தப்பு. அந்த எண் எப்படி வருகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஸ்லீப்பிங் பேக்குகளைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்று ஒரு தர அளவீடு இருக்கிறது. உடம்புச் சூட்டில் வைத்த ஒரு பொம்மையைப் பேக்குக்குள் படுக்க வைத்து, எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று அளப்பார்கள். அந்தப் பொம்மையைப் படுக்க வைப்பது பாய் விரித்த பலகையின் மேல். அதாவது அடியில் பாயும் தரையும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் எண் போடுகிறார்கள். அந்தரத்தில் தொங்குகிறவனுக்கு அந்த எண் எழுதப்படவில்லை.

இரண்டாம் ராத்திரி

மறுநாள் காலையில் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். அடியில் குளிர்கிறதா, அடியில் போடு. வீட்டில் பத்து மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் ஒன்று கிடந்தது. அதை ஹேமக்குக்குள் விரித்தோம். காற்றுப் புகாமல் இருக்கட்டும் என்று ஒரு பழைய தார்ப்பாயை ஹேமக்குக்கு வெளியே அடியோடு சேர்த்துச் சுற்றினோம்.

ராத்திரி 5 டிகிரி. முந்தின நாளைவிடக் கதகதப்புதான், ஆனால் மூன்றரை மணிக்கு எழுந்து வந்துவிட்டான். ஃபோம் இருந்த நடு முதுகில் குளிர் இல்லை. தோள்கள் இரண்டும் விறைத்திருந்தன. தொட்டில் துணி இரண்டு பக்கமும் ஏறி உடம்பைக் கவ்வுகிறது. ஃபோம் ஷீட் ஐம்பது சென்டிமீட்டர் அகலம்தான், தோள் அதற்கு வெளியே துணியோடு துணியாக ஒட்டிக் கிடந்தது. புரண்டபோது ஷீட்டும் நழுவி ஒரு பக்கமாகப் போய்விட்டது. தார்ப்பாயின் உள்பக்கத்தைத் தடவினேன். கை சொட்டச் சொட்ட நனைந்தது. மழை இல்லை. அது அவன் உடம்பிலிருந்து கிளம்பிய ஆவி. தூங்கும்போதும் தோல் ஓயாமல் ஈரம் விட்டுக்கொண்டேதான் இருக்கும். வெளியேற வழி இல்லாததால் குளிர்ந்த தார்ப்பாயில் பட்டுத் தண்ணீராகி, ஸ்லீப்பிங் பேக்கின் அடித்துணியையும் நனைத்துவிட்டது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். காற்றை மறித்துவிட்டு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டோம்.

அமுங்கிய பஞ்சு

போடிக்குத் திரும்பிய பிறகு அந்த ஸ்லீப்பிங் பேக்கை என் தையல் மேசையில் விரித்து வைத்து, இரண்டு நாள் வேலைக்கு நடுவே நடுவே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சும்மா கிடக்கும்போது பருமன் நாலு விரல். அதன் மேல் பதினைந்து கிலோ பஞ்சு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு விளிம்பில் ஊசியைச் செருகிப் பார்த்தேன். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே அப்பளக் கனம்தான் மிச்சம்.

அங்கேதான் உறைத்தது. பஞ்சு சூடு தருவதில்லை. எந்தப் பஞ்சுமே தராது. உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் பஞ்சின் வேலை. உப்பி நின்றால் காற்று இருக்கும், அமுங்கினால் போய்விடும். ஹேமக்கில் படுத்தவுடன் முதுகுக்கு அடியில் பஞ்சு அப்பளமாகிவிடுகிறது. அதற்கு அடியில் ஒரு மெல்லிய நைலான் துணி. அதற்கும் அடியில் மலைக்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் அந்த வழி அடைபடாது. போர்த்தப் போர்த்த நெஞ்சு வியர்க்கும், முதுகு விறைக்கும். முதல் ராத்திரி நான் கையால் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.

எனக்கு இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று யோசித்தேன். மெத்தைத் தொழிலில் கீழே எப்போதும் தரையோ கட்டிலோ இருக்கும். மெத்தை அமுங்கினாலும் அதற்கு அடியில் காற்று ஓடாது. தரை ஒரு தரம் சூடேறினால் சூட்டைக் கொஞ்சம் பிடித்தும் வைத்துக்கொள்ளும். அதனால் அமுங்கும் மெத்தையை நாங்கள் குறையாகப் பார்த்ததில்லை, எவ்வளவு அமுங்கும் என்பதை மட்டும்தான் பார்ப்போம். ஹேமக் வேறு பூமியில் பிறந்தது. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் வெக்கையிலும் பூச்சியிலும் ஈரத் தரையிலும் தப்பிக்கக் கண்டுபிடித்தது. 1492-இல் கொலம்பஸ் போய் இறங்கியபோது அதில்தான் அவர்கள் படுத்திருந்தார்கள். அடியில் காற்று ஓடுவதுதான் அங்கே அதன் சுகம். அதே காற்றுதான் கோவிலூரில் ஜனவரி மாதத்தில் ஆளை எழுப்புகிறது.

அப்படியானால் பஞ்சு அடியில் இருக்க வேண்டும், ஆனால் உடம்பு எடை அதன் மேல் விழக் கூடாது. ஹேமக் துணிக்கு வெளியே, அதை ஒட்டி, தன் கயிற்றில் தானே தொங்குகிற ஒரு போர்வை வேண்டும். வெளிநாட்டில் ஹேமக் பழகியவர்கள் இதை அண்டர்குயில்ட் என்கிறார்கள், கடையிலும் விற்கிறது. மருமகன் போனில் படம் காட்டினான். நான் அதை அடிப்போர்வை என்று சொல்லப் பழகிவிட்டேன். விலையைப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க தைக்க மாட்டீங்களா?" என்று கேட்டான். தைக்கலாம் என்றேன்.

தைத்தது

இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். தைக்க நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

முதலில் பருமன். உறைநிலை அளவுக் குளிருக்கு அஞ்சு சென்டிமீட்டர் உப்பல் வேண்டும் என்று முடிவு செய்தேன். போர்வை 180-க்கு 120 சென்டிமீட்டர். இந்தக் கொள்ளளவை நிரப்ப வாத்தின் உள்ளிறகு என்றால், 800 உப்பல் எண் உள்ள உசத்தி ரகத்தில் கால் கிலோ கூட ஆகாது. உப்பல் எண் 800 என்றால் ஒரு அவுன்ஸ் இறகு 800 கன அங்குல இடத்தை அடைத்து நிற்கும் என்று பொருள், அதை வைத்துப் போட்ட கணக்கு. எடைக்கு எடை பார்த்தால் இறகை எதுவும் மிஞ்சாது. ஆனால் நனைந்தால் கூழாகிவிடும். மூணாறு மலையின் மூடுபனியில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. பாலியஸ்டர் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு உப்பல் நிற்கும், எடை கூடுதல்.

நான் எடுத்தது இலவம்பஞ்சு. கையில் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த இழையே. உள்ளே குழாய் போல வெறுமை. இழையின் பெரும்பகுதி காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் சட்டென்று ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். எனக்கு ஒன்றே கால் கிலோ பிடித்தது. சுமந்து நடக்கிறவர்களுக்கு அது அதிகம், மறுக்கவில்லை. தீ எளிதில் பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் இந்தப் போர்வை போகவே கூடாது.

இலவம்பஞ்சு வழுக்கும். ஒரே பையாக அடைத்தால் ஒரு ராத்திரியில் எல்லாம் நடுக்குழிக்கு இறங்கிவிடும். மெத்தைக்கு நாங்கள் செய்கிற மாதிரி குத்துத் தையல் போட்டால் நகராது, ஆனால் ஊசி ஏறி இறங்கின இடமெல்லாம் பஞ்சு அமுங்கி, குளிர் நுழைய வரிசையாக வாசல் வைத்தது போல ஆகும். அதனால் மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே அஞ்சு சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய வலைத்துணியில் சுவர் வைத்து, இருபது சென்டிமீட்டர் சதுரமாக அறை பிரித்தேன். மூன்று நாள் வேலை. அறைக்கு அறை தராசில் நிறுத்து அடைத்தேன்.

இதைவிட முக்கியமானது வெட்டு. மெத்தைக்கு மேல் துணியும் கீழ்த் துணியும் ஒரே அளவு. அடிப்போர்வை அப்படிக் கூடாது. அது உடம்பைச் சுற்றி வளைந்து தொங்குகிறது. உள்துணிக்குச் சின்ன வளைவு, வெளித்துணிக்குப் பெரிய வளைவு. இரண்டும் ஒரே அளவில் இருந்தால், வளையும்போது வெளித்துணி இறுகி நடுவில் இருக்கும் பஞ்சை நெரிக்கும். முழு அரைவட்டமாக வளைகிறது என்று வைத்துக்கொண்டால், அஞ்சு சென்டிமீட்டர் பருமனுக்கு வெளித்துணி சுமார் 16 சென்டிமீட்டர் கூடுதல் அகலம் வேண்டும். ஹேமக்கின் வளைவு அரைவட்டம் அளவுக்குப் போகாது என்று நான் 12 சென்டிமீட்டர் கூட்டி வெட்டினேன். தரையில் விரித்தால் வெளிப்பக்கம் தொளதொளவென்று கிடக்கும், தையல் தெரியாதவன் வேலை போலத் தோன்றும். தொங்கவிட்டால் சரியாக உட்காரும்.

இரண்டு நுனியிலும் நாடா கோத்துச் சுருக்கு வைத்தேன், தலைப்பக்கமும் கால்பக்கமும் காற்று புகாமல் இழுத்துக் கட்ட. நாலு மூலைக்கும் பைக் கேரியரில் கட்டுகிற ரப்பர் கயிறு.

வெளித்துணிக்குக் குடைத்துணி போட்டேன். காற்று நுழையாது, பனித்துளி இறங்காது என்று நினைத்தேன். தார்ப்பாயில் பார்த்த பாடத்தைத் துணி மாறியதால் மறந்துவிட்டேன்.

மூன்றாம் ராத்திரி

பொங்கல் கழிந்து, மாசக் கடைசியில் மறுபடி கோவிலூர். செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் உறைபனி விழுந்து தேயிலை கருகியது என்று வழியில் பேச்சு. அதே ஓடைக்கரை, அதே மரங்கள்.

முதலில் ரப்பர் கயிற்றை நன்றாக இறுக்கினோம். போர்வை ஹேமக்கை ஏந்திப் பிடித்தது போல ஒட்டி நின்றது, பார்க்க அழகாக இருந்தது. பதினொன்றரை மணிக்கு, "மாமா, இடுப்புல குளிருது" என்றான். கீழே உட்கார்ந்து போர்வையைக் கையால் தடவினேன். இடுப்பு இறங்கும் இடத்தில் இருந்த பஞ்சு கல்லாகியிருந்தது. இறுக்கிய போர்வை அவன் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. தாங்கினால் அமுங்கும், அமுங்கினால் முதல் ராத்திரிக் கதைதான்.

கயிற்றைத் தளர்த்தினேன். இருட்டில் அளவு தெரியாமல் அதிகமாகவே தளர்த்திவிட்டேன். இரண்டு மணிக்கு மறுபடி எழுந்தான். இப்போது தோளில் குளிர். ஹேமக்குக்கும் போர்வைக்கும் நடுவே நாலு விரல் போகிற இடைவெளி, அதில் தலைப்பக்கத்திலிருந்து காற்று ஓடிக்கொண்டிருந்தது. இடைவெளி விழுந்துவிட்டால் எவ்வளவு பருமனான போர்வையும் தோட்டத்து வேலிதான். காற்று பாட்டுக்கு நடுவே போய் வரும். வீட்டுக்குள் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தேன்.

காலையில் போர்வையை நிறுத்தேன். போடியில் நிறுத்ததைவிட 140 கிராம் கூடியிருந்தது. குடைத்துணியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். இலவம்பஞ்சு அதைக் குடிக்கவில்லை, இழைகளின் மேல் துளியாக நின்றது. ஆனாலும் ஈரம் ஈரம்தான்.

வெயிலில் விரித்துக் காய வைத்தபோது வீட்டு அப்பத்தா வந்து பார்த்தார். என்ன விசயம் என்று கேட்டார், சொன்னேன்.

"புள்ளைக்கு ஏணை கட்டுறப்ப கம்பளியை உள்ள போட்டா, அது மிதிச்சு மிதிச்சு ஒரு ஓரமாத் தள்ளிப்புடும். நாங்க வெளிய இன்னொரு ஏணையாக் கட்டிருவோம். ரொம்ப இழுத்துக் கட்டக்கூடாது, தொங்கவும் விடக்கூடாது. உள் ஏணை கீழ எறங்கி வந்து இத லேசாத் தொடணும், அம்புட்டுத்தேன்."

குழந்தை உதைத்துத் தள்ளுவது அவர் சொன்ன காரணம். வெளியே கட்டினால் கம்பளி அமுங்காமல் நிற்கும் என்பதும் அதே கட்டில் அடங்கியிருந்தது. எப்படிக் கட்டிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, இரண்டு துணிக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துத் தலையிலிருந்து கால் வரை ஓட்டிப் பார்ப்பாராம். கையின் இரண்டு பக்கமும் துணி பட வேண்டும், ஆனால் கை சிக்கக் கூடாது.

அதையே செய்தோம். மருமகனைக் குறுக்காகப் படுக்க வைத்துவிட்டு நான் கையை ஓட்டினேன். தோளில் சரி, முதுகின் பள்ளத்தில் இடைவெளி, இடுப்பில் கொஞ்சம் அழுத்தம். குறுக்காகப் படுப்பதால் இடது தோளும் வலது காலும் போர்வைக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதும் அப்போதுதான் தெரிந்தது. போர்வையையும் அதே குறுக்கில் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எனக்கு அதற்கு முன் தோன்றவே இல்லை. முக்கால் மணி நேரம் ஆனது. நுனிச் சுருக்கைக் கடைசியாக இழுத்தோம். அதை முதலில் இழுத்தால் போர்வை நடுவில் கீழே தொங்கிவிடுகிறது.

குடைத்துணியை அன்று பகலே பிரித்தேன். அப்பத்தா ஒரு பழைய பாலியஸ்டர் சேலை கொடுத்தார். நெருக்கமான நெசவு, மேல்பூச்சு எதுவும் கிடையாது. வாயை வைத்து ஊதினால் மூச்சு சிரமப்பட்டு வெளியே வரும். எனக்கு வேண்டியது அதுதான். காற்று எளிதில் வரக் கூடாது, ஆவி போக வேண்டும். இரண்டு மடிப்பாக வைத்துக் கையாலேயே தைத்தேன். மீதிக் காற்றை மழைத்துணி பார்த்துக்கொள்ளட்டும் என்று அதன் விளிம்பை ஹேமக்குக்குக் கீழே வரை இறக்கிக் கட்டினோம்.

நான்கும் ஐந்தும்

நான்காம் ராத்திரி இடத்தையும் மாற்றினோம். அன்று காலை ஓடைக்கரைப் புல்லில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. இருபது மீட்டர் மேலே, வீட்டுக்குப் பக்கத்துப் படியில் பனித்துளி மட்டும்தான். மேகம் இல்லாத ராத்திரியில் நிலம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனம் கூடி, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மலைத்தோட்டக்காரர்களுக்கு இது புதிதில்லை, உறைபனியில் முதலில் கருகுவது பள்ளத்துத் தேயிலைதான். நாங்கள் இரண்டு தரமும் குளிர்க் குளத்தின் நடுவிலேயே படுக்கை போட்டிருந்தோம்.

மேல் படியில் வெப்பமானி 4 டிகிரி காட்டியது. மருமகன் ஆறு மணி வரை எழவில்லை. நான் பக்கத்தில் இன்னொரு ஹேமக்கில், அவனுடைய அதே ஸ்லீப்பிங் பேக்கில், அடிப்போர்வை இல்லாமல் படுத்திருந்தேன். அவன் அடிப்போர்வைக்கு மேலே இரண்டு கம்பளியோடு மட்டும் படுத்தான். ஒன்றரை மணிக்கு எனக்குக் குளிரில் முதுகு வலியெடுத்து உள்ளே போய்விட்டேன்.

இருந்தாலும் மனது ஒப்பவில்லை. துணி மாறியது, கட்டு மாறியது, இடமும் மாறியது. எது காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வது? அதனால் ஐந்தாம் ராத்திரி அவன் மறுபடி ஓடைக்கரையிலேயே படுக்கச் சம்மதித்தான். வீட்டுக் கதவைத் திறந்து வைத்தோம், நான் இரண்டு மணிக்கு ஒரு தரமும் நாலு மணிக்கு ஒரு தரமும் போய்க் கூப்பிட்டுப் பார்ப்பது என்று பேச்சு. உடம்பு நடுங்கினால் உடனே எழ வேண்டும், நடுக்கம் நின்று பேச்சு குழறினால் அது விளையாட்டே இல்லை. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்கும் நன்றாகக் கீழே இறங்கிவிட்டதன் அடையாளம் அது.

ஓடைக்கரையில் 1 டிகிரி, மேல் படியில் 4. இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்கேன் மாமா, தூங்க விடுங்க" என்றான். நாலு மணிக்குப் பதில் வரவில்லை, பக்கத்தில் போனேன், குறட்டை கேட்டது. போர்வைக்கும் ஹேமக்குக்கும் நடுவே மெதுவாகக் கையை விட்டேன். வெளியே என் விரல் மரத்திருந்தது. உள்ளே, அடுப்படியில் பூனை படுத்து எழுந்த சாக்கு மாதிரிக் கதகதப்பு. காலையில் நிறுத்தபோது 30 கிராம்தான் கூடியிருந்தது.

ஆக, இடம் மாற்றியதில் கிடைத்தது மூன்று டிகிரி. தூக்கத்தைக் கொடுத்தது அடிப்போர்வை, அதிலும் அதைக் கட்டிய விதம். மூன்றாம் ராத்திரியிலும் அதே பஞ்சு, அதே பருமன்தான் இருந்தது.

இன்னும் தீராதவை

பாதம் குளிர்ந்தது என்றான். 180 சென்டிமீட்டர் போர்வையைக் குறுக்காகத் திருப்பியதில் கால் வெளியே வந்துவிட்டது. ஃபோம் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டிக் காலுக்கு மட்டும் உள்ளே போட்டோம்; அந்த இடத்துக்கு அது நழுவவில்லை, போதுமாகவும் இருந்தது. வெந்நீர் பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுக் கால்மாட்டில் வைப்பதும் நல்ல உபாயம். மூடி இறுகியிருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

குளிருக்குக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ வைத்துப் படுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மலை ஊர்களில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் போயிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குளிருக்கு ஒரு கட்டிங் என்பதும் அப்படித்தான். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்சூட்டை வெளியே கொட்டிவிடும். சூடாக இருப்பது போலத் தோன்றும்போதே உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும். படுக்குமுன் வயிறு நிறையச் சாப்பாடு, காய்ந்த உடுப்பு, குல்லா. இவ்வளவு போதும்.

கிராண்டிஸ் மரத்தைப் பற்றியும் ஒன்று. யூகலிப்டஸ் இனம் முன்னறிவிப்பு இல்லாமல் கிளையை உதிர்க்கும். அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை எதுவும் தலைக்கு மேல் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கட்டினோம். ராத்திரியில் காட்டுமாடு பூண்டுத் தோட்டத்துக்கு இறங்கும் ஊர் அது, அதனால் வேலிக்கு உள்ளே, நாய் இருக்கும் பக்கத்தில்.

பெரிய குறை மடிப்பதில்தான். என் இலவம்பஞ்சுப் போர்வையைச் சுருட்டினால் ஒரு சாக்கு நிறைகிறது. வண்டியில் போகிறவருக்குச் சரி, நடந்து போகிறவருக்கு ஆகாது. அழுத்தி அழுத்தி மடித்தால் இலவம்பஞ்சு மறுபடி முழுசாக உப்புவதில்லை, எல்லா மெத்தைக்காரருக்கும் தெரிந்த சங்கதி. அதற்குப் பிறகு மருமகன் அதில் ஆறு ராத்திரி படுத்தான். போன வாரம் பிரித்துப் பார்த்தேன். இடுப்புக்கு நேரான நாலு அறைகளில் உப்பல் அஞ்சிலிருந்து மூன்றரைக்கு இறங்கியிருந்தது. பஞ்சை வெளியே எடுத்து, விரலால் சிக்கு நீக்கி, வெயிலில் அடித்து, அறைக்குப் பத்து கிராம் கூட்டி அடைத்திருக்கிறேன். ஒரு பாதியை மட்டும் பாலியஸ்டரில் தைத்து இரண்டையும் ஒரே ஹேமக்கில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். துணி வெட்டி வைத்தாயிற்று. வெளித்துணி 12 சென்டிமீட்டர் கூடுதல்தான், அதே பாலியஸ்டர் சேலைத் துணி.